தண்ணீருக்கு வெட்டு

கந்தப்பளைக்கு மேலே காலை ஏழு மணி.
பீலியின் சிமெந்துத் திட்டில் பெட்டியைத் திறக்கிறேன்.
பேனாப் பருமனில் மின்வாய்.
அதன் நுனியில் நகக்கண் அளவு சவ்வு,
நைத்திரேற்று தொட்டால் மட்டும் கூசும்படி
செய்யப்பட்ட தோல்.

பீலித் தண்ணீர் பதினாலு பாகை.
என் போத்தல்களில் பஸ்ஸின் சூடு இருக்கிறது.
எல்லாவற்றையும் ஒரே பேசினில் உட்காரவைத்து
ஒரே குளிருக்கு வரட்டும் என்று காத்திருக்கிறேன்.

முதலில், தெரிந்த தண்ணீர்.
பத்து மில்லிகிராம் போத்தலில் நூற்று எண்பத்திரண்டு மில்லிவோல்ட்.
நூறு போத்தலில் நூற்று இருபத்தாறு.
எண் இறங்கினால்
தண்ணீரில் ஏறியிருக்கிறது என்று பொருள்.
இந்தத் தலைகீழ் பழக எனக்கு ஒரு மாதம் ஆனது.

ரஞ்சிதமலர் குடத்தோடு வந்து நின்றாள்,
இடுப்பில் மூன்று மாதப் பிள்ளை.
"தராசா இது?"
ஒரு வகையில் அப்படித்தான் என்றேன்.
"அப்ப தண்ணிக்கு எவ்வளவு வெட்டுவீங்க?"

மழை நாளில் நனைந்த கொழுந்துக்கு இரண்டு கிலோ,
சாக்குக்கு ஒன்று,
எதற்கென்று கேட்க முடியாமல் இன்னொன்று.
நான் சிரித்தேன்.
அவள் சிரிக்கவில்லை.

பீலித் தண்ணீரில் மின்வாயை இறக்கினேன்.
சவ்வின் அடியில் ஒரு குமிழி. தட்டி விட்டேன்.
நூற்று அறுபது, நூற்று ஐம்பத்தொன்று, நாற்பத்து நாலு,
படியிறங்குபவர் போல நின்று நின்று
நூற்று நாற்பதில் நின்றது.
வரைகோட்டில் பார்த்தால் ஐம்பத்தேழு.
ஐம்பதுக்கு மேல் குடிக்கக் கூடாது.

ஆனால் மேலே தேயிலை மலைக்குப் பொட்டாசு போடுகிறார்கள்.
அதோடு வரும் குளோரைட்டு
இருட்டில் நைத்திரேற்றின் குரலில் பேசும்.
சவ்வு சில நேரம் ஏமாறும்.
வெள்ளிச் சல்பேற்று ஒரு சிட்டிகை.
தண்ணீர் அரிசி கழுவியது போல வெளுத்தது.
வடித்து, மறுபடி அளந்தேன்.
நூற்று நாற்பத்தொன்று. ஐம்பத்து நாலு.

"மூணு வெட்டிட்டீங்க."
என் கொப்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.
"அந்த மூணு இதுல சேராதுங்க."
"எங்களுக்கும் அப்படித்தான் சொல்வாங்க."

பிறகு அவளே சொன்னாள்:
"நல்லாக் கொதிக்க வச்சுத்தான் பால்மா கரைக்கிறேன்.
மிட்வைஃப் மிஸ் சொன்னாங்க."
மிஸ் சொன்னது பொய்யில்லை. கிருமி சாகும்.
ஆவியாய்ப் போவது தண்ணீர் மட்டும்தான்,
இது கேத்தலின் அடியிலேயே இருக்கும்,
கொதிக்கக் கொதிக்க இன்னும் தடிக்கும் என்பதை
எந்த வார்த்தையில் தொடங்குவதென்று தெரியாமல்
போத்தலைக் கழுவிய போத்தலையே கழுவினேன்.
சொல்லி முடித்தபோது
பிள்ளை அவள் தாலிக்கயிற்றைச் சப்பிக்கொண்டிருந்தது.
உதடு சிவப்பாகத்தான் இருந்தது.
நான் இரண்டு தரம் பார்த்தேன்.

அவள் மேலே பார்த்தாள்.
பீலிக்கு நேர் மேலே எட்டுப் பாத்தி லீக்ஸ்,
நீலம் பாய்ந்த பச்சையில்.
"திங்கக்கிழமை யூரியா போட்டாரு. அன்னைக்கு ராவே மழை."
கொஞ்சம் நேரம் கழித்து,
"மூட்டைய நான்தான் தூக்கிட்டுப் போனேன்."

சவுக்குக் காட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஊற்று உண்டென்றாள்.
அரை மைல். பிள்ளையோடு முன்னால் நடந்தாள்.
அட்டை கடித்ததை அங்கே போய்த்தான் பார்த்தேன்.
மின்வாய் நூற்று அறுபத்தெட்டில் நின்றது.
பதினெட்டு.
"இது பிள்ளைக்குப் போதும்" என்றேன்.
"ஒரு நாளைக்கு ஆறு போத்தல் பால்" என்றாள்,
என்னிடம் இல்லை, வந்த வழியிடம்.

திரும்பி வந்து, பீலியில் நிறைந்திருந்த குடத்தை
அவள் கொட்டவில்லை. துணி துவைக்க எடுத்துக்கொண்டாள்.

நான் மின்வாயைக் கழுவி ஒற்றி எடுத்து
மூடிக்குள் ஒரு துளி நைத்திரேற்றுக் கரைசல் விட்டேன்.
"அதுக்கும் ஊத்துறீங்களா?"
"கொஞ்சம் இல்லாட்டி காஞ்சு செத்துரும்."

"லீக்ஸும் அப்படித்தான்" என்று சொல்லி
குடத்தை இடம் மாற்றிக்கொண்டு
லயத்துப் படியில் ஏறினாள்.