ஐஸ் படாதது

பாம்பன் ஐஸ் கம்பெனியில் எனக்கு ராத்திரி வேலை.
ஒரு பார் ஐம்பது கிலோ.
அரைக்கிற எந்திரத்தின் வாயில்
விடிய விடிய ஊட்டிக்கொண்டிருப்பேன்.
அது தின்னும்,
எனக்குப் பசிக்கும்.

விடிந்ததும் மரத்துப்போன காலோடு
தென்கடல் பக்கம் நடந்தேன். கரைவலை.
கயிற்றில் கை வைத்தவனுக்குப் பங்கு உண்டு.
கால் மணி நேரம் இழுத்திருப்பேன்.
உள்ளங்கைக்கு அன்றைக்கு
அதுதான் முதல் சூடு.

மடி கரையேறியது.
சீலாவும் பாறையும் கண் சிவந்த விளைமீனும்
பெட்டிக்குப் போயின.
இனி என் ஐஸுக்குக் கீழே படுத்து
ஊர் ஊராய்ப் போகும்.
ஏலக்காரர் குனிந்தும் பாராத சூடை மட்டும்
மணலை அப்பிக்கொண்டு துடித்தது.
சம்மாட்டி இன்னாசி
இரண்டு கை அள்ளி என் சாரத்து மடியில் போட்டார்.
நனைந்த துணி வழியே வயிற்றில் பட்டது.
குளிரவில்லை.
ராத்திரி முழுக்கக் குளிரோடு கிடந்தவன் சொல்கிறேன்,
குளிரவே இல்லை.

எஸ்கலின் வீட்டில் இல்லை.
இறால் கம்பெனிக்குப் போய்விட்டாள்,
நாங்கள் ஒருநாளும் தின்றிராத இறாலுக்குத்
தலை கிள்ள.
அம்மியில் மிளகாய் அரைத்துக் கூட்டி வைத்து
மேலே ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்திருந்தாள்.
சமைத்துவிடு என்று அதற்கு அர்த்தம்.
முதுகுளத்தூர் பஸ்ஸில் வியாழக்கிழமை வருகிற இருளாயியின்
குண்டு மிளகாய்.
அதன் காரம் நாக்கில் நிற்காது,
காதுக்குப் பின்னால் போய் உட்காரும்.

சூடைக்குக் கத்தி எதற்கு,
கட்டைவிரல் நகம் போதும்.
ஊத்துத் தண்ணீரில் புளி கரைத்தேன்,
மாங்காய் இரண்டு கீற்று, கல்லுப்பு.
கொதி தலைதட்டி
வாசம் வாசலைத் தாண்டும்போதுதான் மீன்.
அப்புறம் கரண்டி உள்ளே போகக் கூடாது.
சட்டியின் கழுத்தைத் துணியால் பிடித்து
ஒரு சுழற்று, அவ்வளவுதான்.

வாசலில் யாரோ செருமினார்கள்.
லாரிக்காரர் சவடமுத்து,
ஒட்டன்சத்திரம் பக்கம்.
கரண்ட் போய் லோடு ஏறாமல்
வண்டி நிழலில் கிடந்தவர்.
"பதினோரு வருசமா மீன் ஏத்துறேன்.
பிடிச்ச அன்னைக்கே தின்னதில்ல" என்றார்.
கேட்கிற மாதிரியும் இருந்தது,
சும்மா சொல்கிற மாதிரியும் இருந்தது.

இரண்டு தட்டு.
நேற்று வடித்துத் தண்ணீர் ஊற்றிய சித்திரைக்கார்,
சிவந்து, ஒவ்வொரு பருக்கையும் தனியாக.
பிழிந்து வைத்தேன்.
அதன் மேல் கொதிக்கக் கொதிக்கக் குழம்பு.
அவர் தட்டை முகத்தருகே தூக்கினார்.
"மீன் வாடையே இல்லயே?"
அது வழியில வர்றது, அண்ணே.
"முள்ளு?"
மெல்லுங்க. அது முள்ளே இல்ல.

மென்றார்.
பிறகு பேச்சில்லை.
காதுக்குப் பின்னால் வேர்த்தபோது
இருளாயி வந்துவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன்.
மூன்றாவது தடவை சோறு கேட்காமல்
தட்டை மட்டும் இரண்டு விரற்கடை நகர்த்தினார்.
நானும் கேட்காமல் போட்டேன்.

தெருக்கோடியில் எந்திரம் உறுமியது.
கரண்ட்.
கை கழுவி எழுந்தவரிடம்
"வீட்டுக்குக் கொஞ்சம் டப்பாவில தரட்டுமா?" என்றேன்.
யோசித்தார்.
"வேணாம் தம்பி. ஊரு போறதுக்குள்ள
இது வேற மீனாயிரும்."

வண்டி கிளம்பியது.
அது நின்ற இடத்தில்
என் ஐஸ் சொட்டிய ஈரம் ஒரு கோடாய்க் கிடந்து
பார்க்கப் பார்க்கக் காய்ந்தது.

எஸ்கலினுக்கு எட்டு மீன் மூடி வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன்.
சட்டி சுரண்டுகிற சத்தத்தில்தான் முழிப்பு வந்தது.
"புளி கூடிப்போச்சு" என்றாள்,
திரும்பிப் பாராமல்,
சட்டியின் அடியை விரலால் வழித்துக்கொண்டே.