வாளி சிவக்க எடுக்கும் நேரம்

புதுவயல் தாண்டி, நெல் அவிக்கும் ஆலைக்குப் பின்புறம்
வெள்ளைச்சாமியின் சலவைக்கூடம்.
பெயரிலேயே வெள்ளை வைத்திருப்பவர்.
சொட்டு நீலம் போட்டும் கொடியில் தொங்கும்
வேட்டிகள் அத்தனையும் மஞ்சள்.

"தண்ணியப் பாருங்க, பளிங்கு" என்கிறார்.
பளிங்குதான்.
நூற்றெண்பது அடி ஆழத்துக் குளிர்.
"வாளியில புடிச்சு வச்சிட்டு
பத்து நிமிஷம் பேசிட்டிருங்க."

பேசிக்கொண்டிருந்தோம்.
போர் போட்ட நாச்சான், துருப்பிடித்த பழைய குழாயை
இறக்கி ஏமாற்றிவிட்டான் என்று
போன தை மாதம் சண்டை.
அவனுக்கு நெற்றியில் மூன்று தையல்.
பிறகு முழுக்கப் பிளாஸ்டிக் குழாய்,
அதற்குப் பன்னிரண்டாயிரம் வட்டிக்கு.
கடன் வந்தது, சிவப்பு போகவில்லை.

பேச்சு முடியுமுன்
தேயிலைத் தூள் விழுந்த வெந்நீராய்
வாளியின் ஓரத்திலிருந்து நிறம் இறங்கிற்று.

இரும்பு குழாயில் இல்லை, அண்ணே.
சுவர் எழுப்ப வெட்டுகிறோமே செம்புராங்கல்,
அதன் சிவப்பே இரும்புதான்.
காற்று எட்டும்வரை
அது கல்லோடு கல்லாய்க் கிடக்கும்.
ஆலையில் நெல் ஊறிய தண்ணீர்
குட்டையில் புளித்து, மண்ணுக்குள் இறங்க இறங்க
அடியில் இருந்த கொஞ்சநஞ்சக் காற்றும் செலவாகிவிட்டது.
அந்த மூச்சுமுட்டும் இருட்டில்தான் பெருகுகின்றன
துருவையே மூச்சாக இழுக்கத் தெரிந்த நுண்ணுயிர்கள்.

சிரங்கு பிடித்த கையும் இரும்பு பிடித்த கையும்
சும்மா இராது என்பார்கள்.
இவற்றுக்குக் கையே இல்லை.
மயிரிழையை ஆயிரமாய்க் கிழித்தாற்போல் ஓர் இழை நீட்டி
துருவைத் தொட்டு
ஓர் எலெக்ட்ரானைக் கொடுத்துவிடுகின்றன.

இந்தப் பக்கத்துக்கு இது புதிய கணக்கில்லை.
கொடுத்தவன் பிழைக்கிறான்,
வாங்கியவன் கரைந்துபோகிறான்.

கரையும் இரும்பு தனியே வருவதில்லை.
அதன்மேல் காலங்காலமாய் ஒட்டிக் கிடந்த ஆர்சனிக்கும்
பிடி நழுவி நீரோடு சேர்கிறது.
அதற்கு நிறமில்லை, வாடையில்லை.
வேட்டியில் கறை வைத்துக்
காட்டிக்கொடுக்கவும் தெரியாது.

கேடு செய்யும் கிருமி என்று அறிக்கையில் எழுதப் போய்
பாதியில் நிறுத்தினேன்.
தோல் பதனிடும் ஊர்களில் ஓடித்திரியும் குரோமியத்தை
இதே வகை உயிர்கள் மண்ணோடு கட்டிப்போடுகின்றன.
யுரேனியத்தையும்கூட.
ஒன்றின் முடிச்சை அவிழ்த்த மூச்சு
இன்னொன்றுக்கு முடிச்சுப் போடுகிறது.
எதையும் தெரிந்து செய்வதில்லை.
பசி, அவ்வளவுதான்.

ஏழாம் எண் பாட்டில்.
வடிகட்டி, இரண்டு சொட்டு அமிலம் விட்டு
ஐஸ் பெட்டியில் வைத்தேன்.
வெயிலில் வந்திருக்கீங்க என்று
அவர் மருமகள் சிகப்பி ஒரு டம்ளர் நீட்டினாள்.
அப்போதுதான் பிடித்தது, இன்னும் பளிங்கு.
மறுக்கத் தோன்றவில்லை, குடித்துவிட்டேன்.

பதினாறாம் நாள் எண் வந்தது.
அனுமதித்த அளவுக்கு மூன்று மடங்கு.
நான் குடித்த டம்ளரும் அந்த எண்ணுக்குள் இருந்தது.

போனில் சொன்னேன்:
குடிக்க ஊரணித் தண்ணீர் மட்டும்.
துவைக்க, ஓட்டை போட்ட தகரத்தில் தூவி விழவிடுங்கள்,
நன்றாகக் காற்று படட்டும்.
இரவெல்லாம் தெளியவிட்டு மணலில் வடியுங்கள்.
துரு மறுபடி துருவாகும்போது
போன ஆர்சனிக்கில் பெரும்பங்கைக்
கூடவே இழுத்து வைத்துக்கொள்ளும்.

பங்குனியில் போனபோது கொடியில் வெள்ளை வேட்டிகள்.
நாச்சான்தான் தகரத்தில் ஓட்டை போட்டுக் கொடுத்தானாம்,
கூலி வாங்கவில்லையாம்.
சிரித்தபடி உள்ளே போனவர்
ஒரு பிளாஸ்டிக் பேசினைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தார்.
மூன்று மாதச் சேறு,
குங்குமத்தைக் குழைத்தாற்போல்.

"எல்லாத்தையும் இதுல புடிச்சாச்சு.
இத எங்க கொட்ட?"

ஆலைக் குட்டையைப் பார்த்தார்.
நானும் பார்த்தேன்.