ஏழு பத்து

பெட்போர்டு முக்கில் ஏழு பத்துக்கு வந்து நிற்கும்
போஜராஜின் பழைய ஆல்டோ.
முன்னால் செல்வமேரி. வளைவுகளில் அவளுக்குத்தான் குமட்டும்.
பின்னால் நானும் எக்ஸ்ரே சலாவுதீனும்,
நடுவில் மூன்று சோற்றுப் பைகள்.
ஆளுக்கு நாற்பது. நோட்டுகள் சாம்பல் குழிக்குள்.

அருவங்காட்டுச் சங்கு ஊதும்போது
ஒருவர் கொட்டாவி விட, மற்றவர்களுக்கும் தொற்றும்.
கேத்தியில் பனி ஏறினால்
செல்வமேரி தன் கைக்குட்டையால்
அவர் முன்னாலிருக்கும் கண்ணாடியையும் துடைப்பாள்.
ஊட்டி வரைக்கும் பேச்சு:
கேரட் விலை, பென்ஷன், யார் வீட்டுப் பின்கட்டில் கரடி.

இப்படி மூன்று வருடம்.

போன ஞாயிறு ஊட்டி மார்க்கெட்டில்
ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.
நானும் சிரித்துவைத்தேன், யாரென்று தெரியாமல்.
பூண்டுக்குப் பேரம் பேச அவர் திரும்பியதும்
இடது காதுக்குப் பின்னால் அந்த மச்சம்,
கம்பளித் தொப்பிக்குக் கீழே
சவரத்துக்குத் தப்பிய நரை.
"போஜண்ணா!"
கத்தியேவிட்டேன்.

திங்கள் காலை
ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தியதும் கேட்டேன்:
"பூண்டு கடைசியில் என்ன விலைக்கு முடிந்தது?"

"முந்நூறு" என்றது
பின்கழுத்து.