முறைக்கொப்பி

தண்ணி முறைக்கொப்பியில்
ஆதம்பாவாவின் பேர்மேல் ஒரு கறுப்பு.
டிரக்டர் எண்ணெய் சொட்டியிருக்கும் என்று
பெருவிரலால் தேய்த்தேன்.
விரல்நுனியும் கறுப்புக்குள் போய்விட்டது.
அடுத்த பேருக்கு இறங்கினேன்,
கறுப்பும் என்னோடு இறங்கியது.

இடது கண்ணில் மூன்று வருடமாகப் பாலாடை.
வலதை நம்பித்தான் வட்டை.

அன்றிரவு
ஆதம்பாவாவின் ஆறு ஏக்கருக்குரிய தண்ணி
விடியும்வரை அசனாரின் வயலில் நின்றது.
சுபஹுக்குப் பிறகு வாசலில் வந்து கத்தினான்:
"வட்டவிதானை, ஒனக்குக் கண்ணில்லியா?"
நிமிர்ந்து பார்த்தேன்.
தலை இல்லை.
சாரனும் மண்வெட்டியும் மட்டும்
நின்று ஏசிக்கொண்டிருந்தன.

சம்மாந்துறையிலிருந்து இரண்டு பஸ்.
கல்லடிப் பாலத்தில் வாவி வந்தது,
நடுத்துண்டு இல்லாமல்.

கைநரம்பில் மஞ்சள் மருந்து ஏற்றிய மிஸி சொன்னார்,
"ரெண்டு நாளைக்கு மூத்திரம் மஞ்சளாப் போகும், பயப்படாதீங்க."
படத்தில் என் கண்ணின் வாய்க்கால்கள் வெள்ளையாய் ஓடின.
ஒரு கவட்டுக்குக் கீழே
கடுகில் பாதிகூட இல்லாத ஒரு புடைப்பு.
டொக்டர் சிவயோகினி பேனை முனையை அதில் வைத்தார்:
"நாடியின்ட சுவர் மெலிஞ்சு ஊதியிருக்கு, இதுதான் கசிஞ்சது.
பிரஷர் குளிசை போடுறதில்லையா?"

போட்டேன். சுகமாயிருந்தது. விட்டுவிட்டேன்.

கிளினிக் கொப்பியில் நீளமாக ஏதோ எழுதினார்.
வாசிக்க முடியாதது நல்லதாய்ப் போயிற்று.

"ஓட்டை தெரியுதே டொக்டர்,
அதுக்கு மேலேயே சுட்டு அடைச்சா என்ன?"
"மேல சுட்டா வெடிக்கலாம்,
நாடியே அடைபட்டும் போகலாம். சுத்தித்தான் சுடணும்."
விளங்கிற்று.
நண்டு வளைக்குள் நேராகத் தடி விட்டு
முழு வரம்பையும் தண்ணிக்குக் கொடுத்தவன் நான்.

"நாடியை இதில வைங்க" என்றார்.
எந்த நாடியை என்று கேட்க வாய் வந்தது,
தாடையை வைத்தேன்.
கண்ணுக்குள் ஒரு கண்ணாடியை ஒட்டினார்கள்.
அசையாதீங்க.
பச்சை.
பச்சை.
எந்தப் பயிரிலும் இல்லாத பச்சை.
இருபத்தாறு வரை எண்ணினேன்,
பிறகு எண்ணுவதை விட்டுவிட்டு ஓதினேன்.

அடைத்தாயிற்று என்றார்கள்.
வெளியே வந்தால் உலகம் முழுக்க ஊதா,
கறுப்பு போன இடத்திலேயே இருந்தது.
ரத்தம் வடிய மாதங்கள் ஆகும்,
வடிந்தாலும் நடுவில் கொஞ்சம் மிச்சமிருக்கலாம்.

இருக்கிறது.
ஒரு சதம் அளவு, தேத்தண்ணி நிறத்தில்.
ஆட்களின் காது தெரிகிறது, மூக்குத் தெரியவில்லை.
குரல் வைத்துத்தான் சலாம் சொல்கிறேன்.
இரவுக் குளிசையை மனைவி எண்ணித் தருகிறாள்,
விழுங்கிய பிறகும் வாயைத் திறக்கச் சொல்கிறாள்.

முறைக்கொப்பியை இந்தப் போகம்
ஆதம்பாவா வாசிக்கிறான்.
வேறு யாரும் வரவில்லை.
அசனார் பேரை மெதுவாக வாசிப்பான்,
தன் பேரைச் சத்தமாக.
நேற்றுத் தன் பேரை இரண்டு தரம் வாசித்தான்,
இடையில் ஒரு இருமல் போட்டு.

என் காதில் ஒரு குறையுமில்லை.
துரிசைத் திறக்கப் போனேன்.
ஒரு முறைத் தண்ணி
நான் அவனுக்குக் கடன்.