சங்கிலிக்கு அரை அங்குலம்

காலை ஏழரைக்குக் கம்பித்தட்டிக்கு வந்துவிடுவேன்.
இரண்டு மைல் நடந்து வந்த தண்ணீர்
கையிலிருப்பதையெல்லாம் அங்கே இறக்கிவைக்கும்.
முள்வாரியால் இழுத்துக் கரையில் போடுவேன்:
சவுக்கிலை, செத்த தவளை,
கொழும்பிலிருந்து வந்தவரின் வைக்கோல் தொப்பி,
யாரோ ஒரு பிள்ளையின் ஒற்றைச் செருப்பு.
மற்றச் செருப்பு ஒருநாளும் வருவதில்லை.

ஹோட்டல்காரர்கள் இதைக் கெனால் என்கிறார்கள்.
பலகையில் அழகான எழுத்து, ஒரு வருசம்,
ஒரு வெள்ளைக்காரன் பெயர்.
எங்களுக்கு இது பெரிய காண்.
பொகவந்தலாவைக்கு மேலே ஓடையை மறித்து
ஏழு மலையின் இடுப்பைச் சுற்றி
ஸ்டோர் சக்கரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த காண்.
அது விழுந்துதான் ரோலர் சுழன்றது,
கொழுந்து கசங்கியது,
தொரை பங்களாவில் முதல் பல்பு எரிந்தது.
லயத்துக்கு வெளிச்சம் வர
மேலும் அறுபது வருசம்.

கறன்ட் கம்பி வந்ததும் சக்கரத்தை நிறுத்தினார்கள்.
தண்ணீருக்கு யாரும் சொல்லவில்லை.
பேர் வெட்டியது தெரியாமல்
பெரட்டுக்கு வந்து நிற்கும் ஆளைப்போல
அது வந்துகொண்டே இருந்தது.

இப்போது அதில் டியூப் போட்டு மிதக்கிறார்கள்.
மேல்வாயில் ஏறினால் ஒன்றரை மணி நேரம்.
துடுப்பு வேண்டாம், நீச்சல் தெரிய வேண்டாம்,
இடுப்பளவு தண்ணீர்.
ஐந்தாம் மலை வளைவில்
பள்ளத்தாக்கு சட்டென்று திறக்கும்.
சிரித்துக்கொண்டு வருகிறவர்களும்
அங்கே வாயை மூடுவார்கள்.
கரையிலிருந்து பார்த்திருக்கிறேன்.

போன மாதம் ரசூல்தீன் என்று ஒருவர்,
பொறியியல் படித்தவராம், கேட்டார்:
மெஷின் இல்லாமல் எப்படி மட்டம் பிடித்தார்கள்?
சங்கிலிக்கு அரை அங்குலம்தானே இறக்கம்,
இரண்டு மைலையும் கூட்டினால்
ஓர் ஆள் கையைத் தூக்கி நிற்கும் உயரம்.

ஸ்டோரைக் கழுவி ஹோட்டலாக்கிய நாளில்
கறையான் மிச்சம் வைத்த செலவுப் புத்தகம் ஒன்று கிடைத்தது.
கண்ணாடி போட்டு மாட்டியிருப்பது அதிலிருந்த வரைபடம்.
மாட்டாத தாளில்
கணக்கப்பிள்ளை தமிழில் கிறுக்கியிருந்தார்:
வெறும் போத்தல் ஆறு, மட்டம் பார்க்க.
ஆள் இருநூற்றுப் பதினாலு.
மண் சரிந்து பேர்வெட்டு ஒன்பது.
போத்தலுக்கு விலை போட்டிருந்தது.

தட்டியில் சிக்கிய பியர் போத்தல் ஒன்றை எடுத்து
தண்ணீர் நிரப்பி, ஒரு குமிழி விட்டு மூடி,
காண்கல்லில் படுக்கவைத்துக் காட்டினேன்.
குமிழி நடுவில் நின்றது.
பிறகு, மயிரளவு, மலைப்பக்கம் போனது.
தண்ணீர் பள்ளம் பார்க்கும்,
குமிழி மேடு பார்க்கும்.
அவர் நாலைந்து படம் எடுத்தார்,
போத்தலைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.
ஒன்பது பேரைப் பற்றி நானும் சொல்லவில்லை.

நேற்றுப் போயா. விருந்தாளி இல்லை.
ஜீவகாந்தியைக் கூப்பிட்டேன்.
"எனக்கு ஏலாது, நான் தட்டியில நிக்கிறேன்" என்றாள்.
தனியாக மேல்வாய்க்கு நடந்து
சுடிதார் நனைய டியூபில் உட்கார்ந்தேன்.

பதினொரு வருசம் இந்தக் கரையில் நடக்கிறேன்,
மல்லாந்து பார்த்ததில்லை.
சவுக்கிலைக்கு அடிப்பக்கம் வெள்ளி.
எத்தனை கூடை வாரியிருப்பேன்,
ஈரத்தில் எல்லாம் ஒரே கறுப்பு.
நாலாம் மலையில் கொஞ்சத் தூரம்
கரைக்கல்லின் நிறம் வேறு.
சரிந்தது அந்த இடமாக இருக்கலாம், தெரியாது.
கையை நீட்டி, கல்லைத் தொட்டபடியே போனேன்.
கல் முடிந்ததும் கையை எடுத்தேன்.

மற்றபடி ஒன்றும் நினைக்கவில்லை.
வயிற்றின்மேல் ஒரு தட்டான் உட்கார்ந்தது,
விரட்டவில்லை.
ஒன்றரை மணி நேரம்
என் பேரில் ஒரு வேலையும் இல்லை.
வளைவில் நானும் வாயை மூடினேன்.

கம்பித்தட்டியில் வந்து முட்டினேன்.
காலோடு கொஞ்சம் சருகு, தலையில் நுரை.
ஜீவகாந்தி முள்வாரியை நீட்டிக்கொண்டு கேட்டாள்:
"இத எந்தக் குப்பையில போட?"