சோம்பா, சுக்கா

வியாழன் இரவு ஒன்பதானால்
கரோல் பாக் முழுக்க ஒரே குரலில் பேசும்.
தொடருக்குப் பெயர் பீலி தீவார்: மஞ்சள் சுவர்.
பாசின் வீட்டுக் கறுப்பு வெள்ளைப் பெட்டியில்
அது சாம்பல் சுவர்தான்.
நாங்கள் அதைப் பார்த்ததோ
மாடி பர்சாத்திக்கு ஏறும் படிக்கட்டில்,
ஏழாம் படியில் நான்
எட்டாம் படியில் ஏசுவடியான்
ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே
கால்வாசி ராஜ்ராணி.

கூலர் ஓடினால் வசனம் போச்சு.
இந்தியும் எங்களுக்கு அப்போது
கண்டக்டரிடம் பாக்கிச் சில்லறை கேட்கும் அளவுக்குத்தான்.

பதினோராம் வாரம்.
வருவதாகக் கடுதாசி போட்ட புருஷனுக்காக
தாமரைத்தண்டு சமைத்தாள்.
தயிர் கடைந்தாள், நெய் காய்ச்சினாள்,
ஏதோ ஒரு சொல்லைச் சொல்லியபடி
ஏதோ ஒரு பொடியைத் தூவினாள்.

சோன்ஃப், என்றான் ஏசுவடியான்.
சோண்ட், என்றேன் நான்.

ஞாயிற்றுக்கிழமை கால் கிலோ வாங்கிவந்தோம்.
குறுக்கே வெட்டினால் ஓட்டை ஓட்டையாய்
எங்கள் சம்பளக் கவர் மாதிரி.
ஒரு ஸ்டவ், ஒரே சட்டி.
அவன் வாரம் சோம்பு
என் வாரம் சுக்கு.
அவன் வைத்தால் எனக்குப் பந்தி முடிந்த
கல்யாண மண்டப வாசம் வரும்.
என் வாரத்தில்
"இது கறியா கஷாயமாடே" என்பான்
தட்டை வழித்துக்கொண்டே.

இரண்டு வருஷம் இப்படி.
பேச்சு நின்றுபோன ஒரு டிசம்பரில்
ஆளுக்கொரு போர்வையோடு இறங்கிப்போய்
பாசின் மனைவியிடமே கேட்டோம்.
அவன் வரவே இல்லையே, என்றாள் அந்த அம்மாள்.
அன்றைக்கு முழுக்க அழுதேன்
என்ன போட்டாள் என்று யார் பார்த்தது?

இப்போது ரோகிணி, மூன்றாம் மாடி.
போனில் எல்லா வாரமும் இருக்கிறது என்று
மகள் தேடிக் கொடுத்துவிட்டு ஆபீஸ் போய்விட்டாள்.
வண்ணத்தில்.
சுவர் மஞ்சளே இல்லை,
ஆஸ்பத்திரிப் பச்சை.
ராஜ்ராணி என் மகளைவிடச் சின்னப் பெண்.
படியில் உட்கார்ந்து எச்சில் விழுங்கிய அந்தச் சட்டியில்
ஒன்றும் இல்லை.
கரண்டி நனையவில்லை.
வெறும் பாத்திரத்தை
அத்தனை பிரியமாகக் கிளறுகிறாள்.

பதினெட்டாம் நிமிடம். சொல்கிறாள்.
நிறுத்தினேன், பின்னால் தள்ளினேன்,
மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன்
ஏதோ கண்ணால் கேட்பதுபோல.
சோன்ஃப், என்கிறாள்.
கை உதறுகிறாள்.
வாசலில் சைக்கிள் மணி கேட்டுத் திரும்பி,
யாரோ தபால்காரன்,
மெதுவாக
சோண்ட், என்கிறாள்.

முப்பத்தேழு வருஷம்.
உடனே கடைக்குப் போனேன்.
பாக்கெட் தயிர், கேஸ் அடுப்பு, இரண்டு பொடியும்.
இறக்கியதும் சூடாக ஒரு வாய்.
நறுக்.
மண்.
தண்டின் ஓட்டைகளைத் தீக்குச்சியால் குத்திக் குத்திக்
கழுவ வேண்டும் என்பதே மறந்துவிட்டது.
அது எப்போதும் அவன் வேலை.

நாகர்கோவிலுக்குப் போன் போட்டேன்.
காது போய் நாலு வருஷமாகிறது அவனுக்கு.
ரெண்டும்டா, ரெண்டுமே போட்டிருக்கா, என்று கத்துகிறேன்.
பக்கத்து வீட்டு நாய் எழுந்து பார்க்கிறது.

"சோன்ஃபுதானே? அன்னைக்கே சொன்னம்லா" என்றான்.
கொஞ்சம் மூச்சு வாங்கினான்.
"ஓட்டைய நல்லாக் குத்திக் கழுவுனியாடே?"

கழுவினேன், என்றேன்
கடைவாயில் இன்னும் நறநறக்க.
அதுவும் அவனுக்குக் கேட்டிருக்காது.