ஏழு பத்து பஸ்

சீனி நெய்னா விலை சொன்னபோது
கோழிக்கூட்டுக்குப் பின்னால் நின்றது எஸ்டி.
டேங்கின் மேல் ஒரு கோழி.
எண்பத்தி மூணு மாடல், ஒரே கை ஓட்டினது என்றார்.
எந்தக் கை என்று சொல்லவில்லை.
சீட்டுப் பணம் முப்பத்தெட்டாயிரத்தை
எண்ணிக் கொடுத்தேன்.
கோழியை மட்டும் தூக்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை துடைத்துப்
படம் எடுத்துவைக்க அல்ல.
கீழக்கரையிலிருந்து வாலிநோக்கம் உப்பளம்,
எட்டு மணிக்கு எடைமேடை,
முதல் லாரி ஏறும்போது
நாற்காலியில் நான் இருக்க வேண்டும்.
அவ்வளவுதான் அதனிடம் கேட்டது.

உதைக்கிற கம்பியும் கியர்க் கம்பியும் அதற்கு ஒன்றே.
உள்ளே அமுக்கி மேலே திருப்பினால் கிக்கர்,
மடக்கினால் கியர்.
பழகுவதற்குள் கெண்டைக்காலில்
மூன்று நீலம்.

முதல் நாள் இதம்பாடலில் நின்றது.
மறுநாளும் இதம்பாடல், அதே பனை.
ஆறவிட்டால் ஓடும்,
சூடேறினால் சாகும்.
பிளக்கை மாற்றினேன், நின்றது.
கார்புரேட்டரைப் பிரித்து ஊதினேன், நின்றது.
அதனால் ஆறே முக்காலுக்கே கிளம்புவேன்:
எங்கே நின்றாலும்
பின்னால் வரும் ஏழு பத்து பஸ் பொறுக்கிக்கொள்ளும்.
பனையடியில் என்னைக் கண்டால்
கண்டக்டர் விசில் ஊதுவதில்லை,
டிரைவரே பிரேக் போட்டுவிடுவார்.

மூன்றாம் வாரம் பிடிபட்டது.
சுண்டுவிரல் நுனி அளவு கண்டன்சர்.
குளிரில் உண்மை, சூட்டில் பொய்.
மதுரையிலிருந்து பார்சலில் வந்தது புதுசு,
வண்டியிலேயே விலை குறைந்த சாமான்.

வீட்டுக்கும் கடலுக்கும் நானூறு அடி.
கச்சான் அடிக்கிற மாதங்களில்
ஜன்னல் கம்பியை நக்கினால் கரிக்கும்.
ஒயரின் தோலைச் சீவினேன்,
செம்பு இருக்க வேண்டிய இடத்தில் பச்சைக் களிம்பு.
முழுசாக உருவிவிட்டுப் புதுசு இழுத்தேன்.
எர்த் பிடிக்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி
இரும்பு பளிச்சிட்டதும் இறுக்கி
கிரீஸை அப்பினேன், வெண்ணெய்க் காப்புபோல.
டேங்குக்குள் புளிக்கரைசலும்
ஒரு கைப்பிடி பழைய நட்டும் போட்டுக் குலுக்கினால்
கொட்டியது
மூன்றாம் நாள் மீன்குழம்பு.

திரும்பி வந்ததும் தினமும் கழுவ வேண்டும்,
அதுவும் நல்ல தண்ணியில்.
குடம் பன்னிரண்டு ரூபாய்.
நாகஜோதி சுவரில் கரிக்கோடு இழுக்கிறாள்.
"அரைக் குடம் ஒனக்கு,
அரைக் குடம் ஒம் மாப்பிள்ளைக்கா?"
முகம் கழுவுவதை உப்புத் தண்ணிக்கு
மாற்றிக்கொண்டேன்.

உப்பளத்து வாட்ச்மேன் பெயர் வழிவிட்டான்.
கேட்டைத் திறக்குமுன் தினமும் கேட்பான்,
"என்னக்கா, வண்டியா பஸ்ஸா?"
லோடுமேன்களோடு அவனுக்கு டீ பந்தயம்,
எப்போதும் பஸ் பக்கம்.

ஐப்பசியில் ஒருநாள்
கீழக்கரை தாண்டியதும் மூச்சை விட்டது.
மழையில் சீட்டைக் கழற்றி, பிளக்கைக் கழற்றி,
பாயிண்டைத் துடைத்து, அழாத குறை.
ஆடு ஓட்டிவந்த பையன் குனிந்து பார்த்து
"பெட்ரோல் மூடியிருக்கே" என்றான்.
நேற்றிரவு மூடிய கை என்னுடையது.
அதை வண்டிக் கணக்கில் எழுத முடியாது.

இப்போது சீட்டுக்கடியில் ஒரு பிளக்,
பழைய கேபிளை ஒட்டியே ஓடும் புதுக் கிளட்ச் கேபிள்,
அறுந்தால் முனையை மாற்றினால் போதும்.
நாலு மாதமாக அறவில்லை.

இன்று காலை
இடியாப்பத்தில் தேங்காய்ப்பால் ஊற்றும்போது
முக்கில் ஏழு பத்து ஹாரன் கேட்டது.
கை நின்றது,
பழக்கம்.
பஸ் போய்விட்டது.
இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டேன்.

இதம்பாடல் பனையைத் தாண்டியபின்தான்
தாண்டிவிட்டேன் என்று நினைவு வந்தது.
வாலிநோக்கம் விலக்கில்
இடது இண்டிகேட்டர் எரியவில்லை.
கையை நீட்டித் திரும்பினேன்.

வழிவிட்டான் ஒன்றும் கேட்கவில்லை,
செல்போனைப் பார்த்தபடி
கேட்டைத் திறந்துவிட்டான்.